சொந்தச் சரக்கு

செவ்வாய்க்கிழமை, காரிமங்கலம்

என் குட்டியானை வண்டிக்கு இன்ஷூரன்ஸ் போட்டுக் கொடுத்த ஏஜென்ட் முருகேசன் இன்று மாலை பத்திரிகையோடு வந்தார். மகளுக்குக் கல்யாணமாம்.

“அக்கா, சீர் சாமானெல்லாம் பென்னாகரத்துக்குக் கொண்டு போவணும். உங்க வண்டிய ஒரு நாளு குடுங்க” என்றார்.

போன மாசியில் ஒரு சந்தை நாள். நான் விற்கும் பிளாஸ்டிக் குடங்களோடு பக்கத்து வீட்டு ஆடுகள் இரண்டையும் ஏற்றிக்கொண்டு போனேன். வளைவில் வண்டி கவிழ்ந்தது. “அடுத்தவங்க ஆட்ட ஏத்திட்டீங்களே. உங்க பாலிசி சொந்தச் சரக்குக்கு மட்டுந்தாங்க, க்ளெய்ம் வராது” என்று அன்று கையை விரித்தவர் இதே முருகேசன்தான். பாலிசி போடும்போது இதை அவர் சொல்லவே இல்லை. வண்டியைச் சரிசெய்ய அடகுக்குப் போன வளையல் இன்னும் திரும்பவில்லை.

காபி கொடுத்தேன். அவர் குடித்து முடித்ததும் சொன்னேன்.

“உங்க மக சீரு எனக்குச் சொந்தச் சரக்கு இல்லீங்களே. வழியில ஒண்ணு ஆனா க்ளெய்ம் வராதுன்னு நீங்கதான சொன்னீங்க?”

முகம் சுண்டிப்போய் எழுந்து போனார்.

அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள் என்று இப்போது தோன்றுகிறது. தோன்றிவிட்டுப் போகட்டும். கல்யாணத்துக்கு முதல் ஆளாகப் போவேன். சீர் எதில் வந்து இறங்குகிறது என்று பார்க்க வேண்டும்.