வேகமான பக்கத்தில் பாடியவள்

மெம்ஃபிஸ்,
1978 மார்ச் 12, ஞாயிறு.

அன்புத் தங்கை வெர்னிஸுக்கு,

அக்கா ஒஸெல்லா எழுதுகிறேன். சர்ச்சிலிருந்து வந்து தொப்பியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறேன். எழுந்தால் சமையல், சமைத்தால் சாப்பாடு, சாப்பிட்டால் தூக்கம் என்று இன்றைக்கும் தள்ளிப்போட்டுவிடுவேன்.

உன்னிடமிருந்து கடைசியாக வந்தது செப்டம்பர் கடிதம். தொண்டைக் கட்டியை அக்டோபர் பத்தாம் தேதி அறுத்து எடுக்கப் போகிறார்கள், அதற்கப்புறம் குரல் இருக்குமோ இருக்காதோ தெரியாது என்று எழுதியிருந்தாய். பிறகு நான் நான்கு கடிதம் போட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. ஃபோன் செய்தால், இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொல்கிறது. அதே பெண்ணிடம் பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன்.

அந்த நான்கு கடிதங்களிலும் பள்ளிக்கூடச் சமையலறை, என் முழங்கால் வலி, மழை என்று என்னென்னவோ எழுதினேன். எழுத வேண்டியதை எழுதவில்லை. இதில் எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டு. திட்டி எழுதினாலும் அது பதில்தானே.

போன ஆகஸ்டில் இங்கிலாந்திலிருந்து ஒருவன் ஃபோன் செய்தான். டெரக் என்று பெயர், வேலை தபால்காரன். பெட்டிகரூ சகோதரிகள் என்று 1966இல் பக்கத்துக்கு ஒரு பாட்டாக ஒரே ஒரு ரெக்கார்டு வந்ததே, அந்தச் சகோதரி நீங்களா என்று கேட்டான். நான் யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். அந்த ரெக்கார்டை நம் சித்தப்பா கூட வாங்கவில்லை. இவன் சொல்கிறான், அவன் ஊரில் வாராவாரம் ஆயிரம் பேர் அதற்கு ஆடுகிறார்களாம். எதற்கு என்று நினைக்கிறாய்? நான் உயிரைக் கொடுத்துப் பாடிய மெதுவான பக்கத்துக்கு இல்லை. ஸ்டூடியோவில் அரைமணி மிச்சமிருக்கிறது என்று உன்னை நிறுத்திவைத்துப் பாடச் சொன்னார்களே, அந்த வேகமான பக்கத்துக்கு. டிரம்ஸ்காரனுக்குப் பசி, சீக்கிரம் முடிக்க வேண்டுமென்று விரட்டி விரட்டி அடித்தான். "இது பாட்டாடி? பொம்பளப் புள்ளைங்க கயிறு தாண்டுறதுக்குப் பாடுறது" என்று நான்தான் உன்னைக் கேலி செய்தேன்.

"அதைப் பாடுனது நீங்கதானே?" என்று டெரக் கேட்டான்.

ஆமாம் என்றேன், வெர்னிஸ். நாக்குக் கூசாமல் சொன்னேன். பதினோரு வருடத்தில் என்னைத் தேடி யாரும் வந்ததில்லை. வந்தவனை உன் வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனது வரவில்லை. உன் ஆபரேஷன் கடிதம் வந்தபோது, அங்கே வந்து பாடச் சொல்லி அவன் அனுப்பிய விமான டிக்கெட் என் மேஜையில் இருந்தது.

இங்கிலாந்தில் அவன் வீட்டு முன்னறையில் சுவரே தெரியாது, அவ்வளவு ரெக்கார்டு. நாங்கள் பள்ளிக்கூடச் சமையலறையில் பீன்ஸ் டப்பாக்களுக்குச் சீட்டு ஒட்டுவதுபோல் பெட்டிக்குப் பெட்டி சீட்டு ஒட்டியிருக்கிறான். நமக்கெல்லாம் சர்ச்சில் பாடினால் ஒன்று, வெளியே பாடினால் ஒன்று, அவ்வளவுதானே. அவனுக்கு அப்படியில்லை, நாம் வெளியே பாடும் சோல் பாட்டிலேயே பல வகை. ஆர்கனும் ஊதுகுழலும் வியர்வையுமாக நம் பக்கத்தில் பாடுவது சதர்ன் சோல். வயலின்களை வைத்துக்கொண்டு ஆண்பிள்ளைகள் பெண் குரலில் கெஞ்சினால் அது ஸ்வீட் சோல். வெள்ளைக்காரர்கள் நம்மைப்போல் பாடினால் அதற்கு நீலக்கண் சோல் என்று பெயராம், சிரிக்காதே. நார்தர்ன் சோல் என்று எழுதியிருந்ததைப் பார்த்து உன் சிகாகோ, டிட்ராய்ட் பாட்டு என்று நினைத்தேன். இல்லை, அது இங்கிலாந்தின் வடக்கு. அங்கே மில் ஊர்களில் பிள்ளைகள் எதற்கு ஆடுகிறார்களோ அதெல்லாம் நார்தர்ன். பாடினவர் எந்த ஊரானாலும் சரி. ஓட்டமாக ஓட வேண்டும், அடிக்கு அடி தாளம் விழ வேண்டும், வந்த காலத்தில் ஒருவரும் வாங்கியிருக்கக் கூடாது. கடைசி நிபந்தனைக்கு நம்மைவிடப் பொருத்தமானவர்கள் உண்டா?

மூலையில் சின்னதாக இன்னொரு பெட்டி இருந்தது. டீப் சோல் என்று எழுதியிருந்தது. அது என்ன என்று கேட்டேன். மெதுவாகப் பிரசங்கம்போல் தொடங்கி அழுகையில் போய் முடியும், அதற்கு ஆட முடியாது, தனியாக உட்கார்ந்துதான் கேட்க வேண்டும் என்றான். நான் மேலே கேட்கவில்லை.

இன்னொன்றும் சொன்னான். மண்டபங்களில் ரெக்கார்டு போடும் மற்றவர்கள் யார் பாட்டு என்று கண்டுபிடித்துவிடக் கூடாதென்று, மூன்று வருடம் ரெக்கார்டில் நம் பெயர்மேல் வெள்ளைத்தாளை ஒட்டி ஏதோ பொய்ப்பெயர் எழுதி வைத்திருந்தானாம். அங்கே எல்லோரும் அப்படிச் செய்வார்களாம். செய்யட்டும். உன் பெயரை மறைப்பதில் நான் அவனையும் மிஞ்சிவிட்டேன்.

அக்டோபர் ஒன்பது, ஞாயிறு மத்தியானம். பெரிய நாட்டிய மண்டபம். தரையில் குழந்தைக்குப் போடும் பவுடரைக் கொட்டி வைத்திருந்தார்கள், வழுக்கிக்கொண்டு ஆட. ஜோடி கிடையாது, சாராயம் கிடையாது. அவரவர் தனித்தனியாகச் சுழல்கிறார்கள், மல்லாக்க விழுகிறார்கள், விழுந்த வேகத்தில் எழுகிறார்கள். எல்லாம் வெள்ளைப் பிள்ளைகள். நம் பெயரைச் சொன்னதும் கூரை பிய்த்துக்கொள்வதுபோல் சத்தம் போட்டார்கள்.

பாடினேன். இரண்டு வரிதான். முன்வரிசையில் இருந்தவர்கள் முகம் மாறியது. அந்தப் பாட்டை ஆயிரம் முறை கேட்டவர்கள், வெர்னிஸ். நீ எங்கே மூச்சு வாங்குவாய் என்பது வரை தெரிந்தவர்கள். யாரும் கூச்சல் போடவில்லை. எனக்காகப் பாவம் பார்த்துக் கடைசி வரை ஆடினார்கள். அதைவிடத் தக்காளி எறிந்திருக்கலாம்.

இறங்கி வந்ததும் ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மருத்துவமனைத் தாதியாம், இருபது வயதிருக்கும். "தப்பா நெனைக்காதீங்கம்மா, நல்லாப் பாடுனீங்க. ஆனா அந்த இன்னொருத்தங்க எங்க?" என்று கேட்டாள். டெரக்கும் பக்கத்தில் நின்று என்னையே பார்த்தான்.

அவள் இறந்துவிட்டாள் என்றேன்.

எப்படி வந்தது அந்த வார்த்தை என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஊருக்கு ஃபோன் போட்டு உன்னை அழைத்துப் பேசுவார்கள் என்று பயந்தேனா, என் பொய்க்கு ஒரு காரணம் வேண்டியிருந்ததா, தெரியவில்லை. அந்தப் பெண் அழுதாள். உன் பாட்டைக் கேட்டுக்கொண்டுதான் பரீட்சைக்குப் படித்தாளாம். டெரக் மேடையேறி மைக்கைப் பிடித்துச் சொன்னான். பாட்டை நிறுத்தினார்கள். ஆயிரம் பேர் பவுடர் படிந்த காலோடு உனக்காக ஒரு நிமிடம் தலைகுனிந்து நின்றார்கள். நீ சிகாகோவில் மறுநாள் ஆபரேஷனுக்குப் பட்டினி கிடந்திருப்பாய்.

இன்னும் கேள். மறுநாள் ரயிலேற்ற வந்த டெரக், வேகமான பக்கம் உங்களுடையது இல்லையென்றால் மெதுவான பக்கம் உங்களுடையதுதானே என்று என்னைக் கேட்டான். ஆமாம் என்றேன், அது ஒன்றுதான் உண்மை. அவன் மனைவி விட்டுப்போன வருடம் அந்தப் பாட்டைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லையாம். அந்த டீப் பெட்டியில் முதலாவதாக இருப்பது நான்தானாம். வேகமான பக்கத்துக்காக ஒன்று, மெதுவான பக்கத்துக்காக ஒன்று என்று நம் ரெக்கார்டை இரண்டு பிரதி வாங்கி நம் இருவரையும் வேறு வேறு பெட்டியில் வைத்திருக்கிறான். தபால்காரன் பிளாட்பாரத்தில் நின்று அழுதான். வாழ்க்கை முழுதும் நான் காத்துக்கிடந்த வார்த்தை. உன்னைச் சாகடித்துவிட்டு வாங்கிக்கொண்டேன். முதலிலேயே உண்மையைச் சொல்லியிருந்தாலும் அது எனக்குக் கிடைத்திருக்கும்.

உன்னைத் தனியாகப் பாடச் சிகாகோ ரெக்கார்டு கம்பெனிக்காரர்கள் கூப்பிட்டபோது, நான் மூன்று நாள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தேன். நீ போக மாட்டேன் என்று சொல்லியனுப்பினாய். பிறகு அதே சிகாகோவுக்கு மிட்டாய் ஃபாக்டரி வேலைக்குப் போனாய். ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

வியாழக்கிழமை டெரக்கிடமிருந்து அவர்கள் நடத்தும் சின்னப் பத்திரிகை வந்தது. நம் இருவர் படத்தில் என்னை வெட்டிவிட்டு உன் முகத்தை மட்டும் போட்டிருக்கிறார்கள். கீழே வெர்னிஸ் பெட்டிகரூ, 1944–1977. அந்தப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து பூ அனுப்ப வேண்டுமாம், எந்தக் கல்லறை என்று கேட்டிருக்கிறான்.

எனக்குக் கருநாக்கு என்று அம்மா சொல்வாளே, ஞாபகமிருக்கிறதா? விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் இரண்டு தடவை பஸ் ஸ்டேஷன் வரை போய், டிக்கெட் ஜன்னலில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். உன் வாசலில் வேறு யாராவது நின்று பதில் சொன்னால் என்ன செய்வேன்?

இந்தக் கடிதத்தோடு டெரக்குக்கும் ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். எல்லாம் பொய், என் தங்கை இருக்கிறாள், உங்கள் மண்டபத்தையே ஆட்டிவைத்த குரல் அவளுடையது என்று எழுதிவிட்டேன். பூவுக்கு முகவரி கேட்டானே, உன் வீட்டு முகவரியைக் கொடுத்திருக்கிறேன். இனி அவன் எனக்கு எழுதமாட்டான். டீப் பெட்டியிலிருந்து என்னை எடுத்துவிட்டாலும் எடுத்துவிடட்டும்.

ஈஸ்டருக்கு முந்தின வெள்ளிக்கிழமை நானும் பஸ் ஏறுகிறேன். இந்த முறை ஜன்னலில் நிற்கமாட்டேன். கர்த்தர் உன்னைச் சுகத்தோடு வைத்திருக்க வேண்டும். பூக்காரன் முதலில் வருவானோ நான் முதலில் வருவேனோ தெரியாது. யார் தட்டினாலும் நீயே எழுந்து வா, கண்ணே. பேச முடியாவிட்டால் பேச வேண்டாம். என்னை உள்ளே விடாவிட்டாலும் பரவாயில்லை. கதவை மட்டும் நீயே வந்து திற.

உன் அக்கா,
ஒஸெல்லா