உட்கார்ந்து பார்த்த வேலை

அக்கா,

ஆபீஸ் மேசையில் இருந்த உன் சாமான்களை இன்று காலை ஒரு பையில் போட்டு அனுப்பியிருந்தார்கள். திறந்ததும் தைல வாசம் முகத்தில் அடித்தது. நீ மணிக்கட்டில் மாட்டும் கறுப்புப் பட்டி, வியர்வை காய்ந்து விறைத்துக் கிடந்தது. கூடவே ஒரு செய்தி. உன் கதிரை காலியாம், தங்கச்சி டைப் பண்ணுவாளா என்று சுப்பர்வைசர் மிஸ் கேட்டாராம்.

அம்மாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. "உக்காந்த வேலடி. மழ இல்ல, அட்டக்கடி இல்ல" என்றார். உனக்கும் இதையேதான் சொன்னார்.

இரத்தினபுரியில் உனக்கு அந்த வேலை கிடைத்தபோது, கைநாட்டுப் பரம்பரையில் முதல் கைத்தட்டு என்று நான்தான் பட்டம் கொடுத்தேன். நாள் முழுக்க யார் யாருடைய விலாசங்களையோ தட்டினாய். மவுஸ் பிடிக்கும் கைதான் முதலில் வலித்தது. பிறகு முழங்கை, பிறகு தோள்.

"எலியப் புடிச்சதுக்கே கை வலிக்குதுன்னா, பூனையெல்லாம் ஆஸ்பத்திரியிலதான் கெடக்கணும்" என்றேன்.

"போடி கொரங்கு. இந்த எலி கடிக்காமலே கொல்லுது" என்று சிரித்தாய்.

வீட்டில் யாரும் உன்னை வதைக்க நினைக்கவில்லை. எனக்கு இன்னும் கசப்பது அதுதான். இங்கே வேலை என்றால் மலை ஏற வேண்டும், றப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்க வேண்டும், பால் வாளி சுமக்க வேண்டும். கதிரையில் இருந்தவள் ஓய்வெடுத்துவிட்டு வந்தவள். ஆகவே நீ பஸ் இறங்கி வந்ததும் பீலிக் குழாயில் தண்ணீர் பிடிப்பது நீ, தேங்காய் துருவுவது நீ, அப்பாவின் சாரம் துவைப்பதும் நீ. "நாள் பூரா உக்காந்துட்டு வந்தவதானே, கை கால் கொஞ்சம் அசையட்டும்" என்பார் அம்மா, பாசமாகத்தான்.

துருவும்போது தேங்காய் மூடி நழுவி விழும். விரல் மரத்துவிட்டது என்பாய். "மரத்துல வேல பாக்குறது நானு, மரத்துப்போறது ஒனக்கா?" என்று அம்மா கேட்டார். எனக்கு இந்த வாய் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத் தெரிந்தது.

டொக்டர் கைக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார். ஆபீசில் கேட்டாய். லீவ் எடுத்தால் அந்தக் கதிரைக்கு வேறு ஆள் இருக்கிறது என்றார்கள். வீட்டில் நீ கேட்கவே இல்லை.

அன்று நல்ல மழை. பஸ்ஸில் மிதிபலகையில்தான் உனக்கு இடம். "இஸ்ஸரஹட்ட யன்ன", முன்னால் போங்க என்று கண்டக்டர் சிங்களத்தில் கத்தி ஆட்களை உள்ளே நெருக்கிக்கொண்டிருந்தானாம். வளைவில் உன் வலது கை கம்பியை விட்டது. பக்கத்தில் நின்ற நம் லயத்து வீட்டுப் பெண், "புடிச்சிக்கிட்டுத்தான் இருந்திச்சு. வெரல் தானா விரிஞ்சிருச்சு" என்று அழுதாள். சாவு வீட்டில் அதை யாரும் காதில் வாங்கவில்லை. மழை என்றார்கள், வழுக்கல் என்றார்கள், விதி என்றார்கள்.

இன்று மத்தியானம் மிஸ்ஸுக்கு போன் எடுத்தேன். சிங்களத்தில் என்னைத் தங்கச்சியாக்கி, "நல்ல சான்ஸ் நங்கி" என்றார்.

"மிஸ், ஒங்களுக்குக் கை வலிக்குதா?"

"எல்லாருக்கும் அப்பிடித்தான். பழகிரும்" என்றார். நான் வரமாட்டேன் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அதிலிருந்து அம்மா என்னோடு பேசவில்லை.

பின்னேரம் துக்கம் விசாரிக்க அத்தை வந்தார். "மழையில வழுக்கிருச்சு" என்று அம்மா தொடங்கினார். நான் உள்ளேயிருந்து எழுந்து அவர்கள் இருந்த வாசலுக்கு வந்தேன்.

"வழுக்கல அத்த. அக்காவுக்குக் கை முடியாம இருந்திச்சு. நாங்க நம்பல."

அத்தை அம்மாவைப் பார்த்தார். அம்மா மறுக்கவில்லை.

யார் வந்து கேட்டாலும் இதைத்தான் சொல்லப்போகிறேன், அக்கா. நக்கல் கலக்காமல் என் வாயில் வரும் ஒரே வசனம் இதுதான்.