முன் வரிசையில் ஆடுகிறவள்

டொராண்டோ,
9 ஏப்ரல் 2006

என் செல்லத் தம்பி கொன்சோக்குக்கு,

உன் அச்சா, கூடப்பிறந்த அக்கா, எழுதுவது. நீயும் லாக்கியும் குழந்தை மேடோக்கும் சுகம்தானே? குளிர்காலத்தில் போட்ட கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. ஊர் யாக்குகளுக்கெல்லாம் ஊசி போடுகிற கைக்கு ஒரு பேனாவைப் பிடிக்கத் தெரியாமல் போய்விட்டதா? உன் பெண்டாட்டியிடம் கொடு, அவளாவது எழுதட்டும்.

இங்கே பனி கரைந்துவிட்டது. நான் வேலை பார்க்கிற முதியோர் இல்லத்துச் சமையலறையில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வெங்காயம் நறுக்குகிறோம். ஜூலை மாதம் ஏரிக்கரைப் பூங்காவில், நாட்டை விட்டு வந்த நாங்களெல்லாம் சேர்ந்து விழா நடத்தப்போகிறோம். டிக்கெட் கிடையாது, வேலி கிடையாது. நாயைக் கூட்டிக்கொண்டு நடக்க வருகிறவர்கூட நின்று பார்க்கலாம், மனமிருந்தால் வட்டத்தில் சேர்ந்து ஆடலாம்.

மோமோக் கடை போடப்போகும் தம்துல் அண்ணன் போன வாரம் என்னைப் பிடித்துக்கொண்டார். “லாசா ஆட்டம் எல்லாருக்கும் தெரியும் யுட்ரோன். உங்க சேர்லுங் ஆட்டம் இங்க ஒருத்தருக்கும் தெரியாது. நீதான் சொல்லிக்குடுக்கணும். முழங்கால் வலின்னு மட்டும் ஆரம்பிக்காதே, அது எங்க எல்லாருக்கும் இருக்கு” என்றார்.

சரி என்று தலையாட்டிவிட்டேன். கால் ஞாபகம் வைத்திருக்கிறது, வாய்தான் மறந்துவிட்டது. அறுவடைப் பாட்டின் இரண்டாம் சரணம் எப்படித் தொடங்கும்? உடனே எழுது. நம் ஊரிலிருந்து வந்த என்னிடமே அது இல்லை என்று எப்படிச் சொல்வேன், சொல்.

மேடோக்குக்கு என் முத்தங்கள்.
உன் அச்சா,
யுட்ரோன்

* * *

சேர்லுங்,
21 மே 2006

அச்சா-லா,

கடலைத் தாண்டிப் போயும் உன் வசவு மட்டும் இளைக்கவில்லை. கடிதத்தை லாக்கிக்கு வாசித்துக் காட்டினேன். “எனக்கு வேற வேலை இல்லையா? அவங்களுக்குத் தம்பி, உங்களுக்கு அக்கா, நடுவுல நான் எதுக்கு?” என்கிறாள்.

இந்த வருடம் ஆட்டுக்குட்டிகள் நன்றாகப் பிழைத்துவிட்டன. எனக்கும் அரசு வேலை நிரந்தரமாகிவிட்டது. பெரிய செய்தி வேறு: மேடோக் ஆசிரியர் பயிற்சிப் பள்ளித் தேர்வில் தேறிவிட்டாள். இலையுதிர்காலத்தில் நகரத்துக்குப் போகிறாள். குழந்தை என்று எழுதாதே, உன் கடிதத்தைப் பார்த்து முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள்.

நீ மறந்த பாட்டு இதுதான்:

மலை நகராது, ஆறு நிற்காது,
நடுவே நாம் கைகோத்து நிற்போம்.
கைவிட்டுப் போனவள் எக்கரையில் இருந்தாலும்
அவளுக்கோர் இடம்விட்டு வட்டம் போடு.

மூன்றாவது அடியில் வலது காலை முதலில் எடு. நீ எப்போதும் அங்கேதான் தப்பு பண்ணுவாய்.

உன் தம்பி,
கொன்சோக்

* * *

டொராண்டோ,
24 ஜூலை 2006

தம்பி,

தப்பு பண்ணவில்லை! வலது காலைத்தான் எடுத்தேன்.

நேற்றுதான் விழா. விடியற்காலையில் மழைத் தூறல், தம்துல் அண்ணன் வானத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டே கூடாரம் அடித்தார். தூபத் தழையைக் கொளுத்தியதும் புகை எழும்பியது, யாரோ தீயணைப்பு வண்டிக்குச் சொல்லிவிட்டார்கள்! வந்த ஆட்கள் ஆளுக்கொரு தட்டு மோமோ சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். இரண்டு பேர் யாக் வேடத்துக்குள் புகுந்து ஆடினார்களே, முன்கால்காரனும் பின்கால்காரனும் வேறு வேறு பக்கம் போய் யாக் இரண்டாகப் பிய்ந்துபோனது. சிரித்துச் சிரித்து நான் இடுப்பில் கட்டியிருந்த முன்துணி அவிழ்ந்துவிட்டது.

பிறகு நம் ஆட்டம். நான் முன் வரிசையில். ஒலிபெருக்கியில் சொன்னேன்: “இது சேர்லுங் பள்ளத்தாக்கு ஆட்டம். வரியை எழுதி அனுப்பினது என் தம்பி கொன்சோக், அங்க மாட்டு வைத்தியரா இருக்கான்.” எவ்வளவு கைதட்டல் தெரியுமா? உனக்குத்தான் அது.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. சாம்பல் நிறச் சட்டை போட்ட ஒரு மனிதர் காலையிலிருந்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். எல்லாரும் மேடையை எடுத்தார்கள், அவர் முகங்களை எடுத்தார். ஒவ்வொரு முகமாக, நிதானமாக, மோமோ தின்கிற வாய்களைக்கூட. என்னிடம் வந்து நம் பாஷையிலேயே கேட்டார், பள்ளிக்கூடத்தில் படித்த பாஷை மாதிரி வழவழவென்று இருந்தது: “அருமையா ஆடினீங்க அச்சா-லா. தம்பி பேரு என்ன சொன்னீங்க? சரியாக் காதுல விழல.”

நானும் சொன்னேன். “நீங்க எந்த ஊரு?” என்று கேட்டேன். “எல்லாம் நம்ம ஊர்தான்” என்று சிரித்தார். தம்துல் அண்ணன் ஒரு தட்டு மோமோவை நீட்டினார். அவர் வாங்கவில்லை. இவ்வளவு நாளில் அண்ணன் கையிலிருந்து மோமோ வேண்டாம் என்றவரை நான் பார்த்ததில்லை.

விடு. எனக்கு எதற்கெடுத்தாலும் சந்தேகம் என்று நீதானே சொல்வாய். மேடோக் நகரத்துக்குக் கிளம்பிவிட்டாளா? கம்பளிக் காலுறை பின்னி வைத்திருக்கிறேன், அனுப்புகிறேன்.

உன் அச்சா,
யுட்ரோன்

* * *

சேர்லுங்,
15 அக்டோபர் 2006

மதிப்பிற்குரிய அக்கா யுட்ரோன் அவர்களுக்கு,

நாங்கள் அனைவரும் நலம். எங்கள் வாழ்க்கை வசதியாக உள்ளது. சாலை புதிதாகப் போடப்பட்டுள்ளது.

தாங்கள் பங்கேற்ற விழாவைப் பற்றி அறிந்து மகிழ்ந்தோம். அதை ஏற்பாடு செய்தவர்கள் யார் யார்? நம் பகுதியைச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் ஆடினார்கள்? அவர்களுடைய பெயர்களையும், இங்கே அவர்களுக்கு உள்ள உறவினர்களின் பெயர்களையும் எழுதி அனுப்பினால், அந்தக் குடும்பங்களுக்கு அவர்களது நலச் செய்தியைத் தெரிவிக்க வசதியாக இருக்கும்.

விரைவில் பதில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
கொன்சோக்

* * *

டொராண்டோ,
19 நவம்பர் 2006

தம்பி,

கடிதம் கிடைத்தது. கையெழுத்து உன்னுடையதுதான். பிறந்த நாளிலிருந்து நீ என்னை மதித்ததே இல்லையே, திடீரென்று ‘மதிப்பிற்குரிய’ என்கிறாய். உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

விழாவுக்கு வருகிறவர்கள் வருவார்கள், போவார்கள். யாரிடம் போய் நான் பெயர் கேட்பேன்? நானோ சமையல்காரி. வயதும் ஏறுகிறது, மறதியும் ஏறுகிறது. பூங்காவில் இப்போது பனி கொட்டிக் கிடக்கிறது. ஆட்டமும் இல்லை, ஆளும் இல்லை.

மேடோக் எப்படிப் படிக்கிறாள்? அவளைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் அவளைப் பற்றி மட்டும் எழுது. வேறெதுவும் வேண்டாம்.

உன் அச்சா

* * *

(தபாலில் வராமல் கைமாறி வந்தது)

12 ஜனவரி 2007

அச்சா-லா,

இதைக் கொண்டுவருகிறவரின் பெயரைக் கேட்காதே. படித்ததும் எரித்துவிடு.

செப்டம்பரில் என்னைப் பாதுகாப்பு அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். ஒரு புதிய அதிகாரி, இளைஞன்தான், மிகவும் மரியாதையானவன். எனக்குத் தானே தேநீர் ஊற்றிக் கொடுத்தான். தொலைக்காட்சியைப் போட்டான். அதில் நீ. முன் வரிசையில், சிவப்புச் சட்டையில், வலது காலை எடுத்து வைக்கிறாய்.

“உங்க அக்கா நல்லா ஆடறாங்க” என்றான்.

அச்சா, நீ போனபோது உன் கூந்தல் இடுப்பு வரை இருந்தது. இப்போது நரைத்திருக்கிறதே. உன் முகத்தை எத்தனை வருடம் கழித்துப் பார்க்கிறேன், அதுவும் அந்த அறையில், அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு. அழுதால் தப்பு, சிரித்தால் தப்பு. தேநீரைக் குடித்தேன்.

“கைவிட்டுப் போனவளுக்கு இடம்விட்டு வட்டம் போடுன்னு எழுதி அனுப்பியிருக்கீங்களே, அது யாருக்கு விட்ட இடம்?” என்று கேட்டான்.

“அது அறுவடைப் பாட்டுங்க. கதிர் அறுக்கறப்போ பாடறது” என்றேன்.

“அப்படியா. உங்க பொண்ணு டீச்சர் ஆகப்போகுதாமே. நல்ல பொண்ணு. படிப்பு பாதில நின்னுடக் கூடாதில்ல?”

அவ்வளவுதான் சொன்னான், அச்சா. குரலை உயர்த்தவே இல்லை. அக்டோபர் கடிதம் அந்த மேசையில் உட்கார்ந்து எழுதியது. வாக்கியங்கள் அவனுடையவை. நீ பெயர்களை அனுப்பிவிடுவாயோ என்று பயந்து பயந்து செத்தேன். உன் பதிலை அவன் எனக்கு வாசித்துக் காட்டியபோது மனசுக்குள் உன் காலில் விழுந்தேன். ஒரு பெயரையும் கொடுத்துவிடாதே. அங்கே ஆடுகிற ஒவ்வொருவருக்கும் இங்கே ஒரு கொன்சோக் இருப்பான்.

ஆனால் இவன் விடமாட்டான். “உங்களுக்கும் அக்காவுக்கும் ரொம்பப் பாசம் போல. மறுபடி எழுதுங்க, அவங்க மனசு மாறும்” என்கிறான். அந்தப் பாசம்தான் அவன் கையில் இருக்கிற கயிறு. அது அறுந்துவிட்டது என்று அவன் நம்ப வேண்டும். லாக்கியும் நானும் எத்தனையோ நாள் யோசித்துப் பார்த்துவிட்டோம், வேறு வழி தெரியவில்லை.

எனக்குத் தபாலில் ஒரு கடிதம் போடு. என்னைத் திட்டு. இனிமேல் எழுதாதே என்று சொல். அவன் பிரித்துப் படிப்பான். உன் மனசில் இல்லாததை எழுதினால் கண்டுபிடித்துவிடுவான், அதனால் நிஜமாகவே வலிக்கிற மாதிரி எழுது. உன்னால் முடியும், சின்ன வயதில் எத்தனை தடவை என்னை அழவைத்திருக்கிறாய்.

ஆட்டத்தை மட்டும் நிறுத்தாதே. நீ நிறுத்தினால் என் பேச்சு உன்னிடம் எடுபடுகிறது என்று ஆகிவிடும். அடுத்து இன்னொன்று கேட்பான்.

அதற்குப் பிறகு நான் எழுதமாட்டேன். இது போதுமா என்று எனக்குத் தெரியாது. முயன்று பார்ப்போம்.

காலுறை வந்து சேர்ந்தது. மேடோக் அதைக் கழற்றுவதே இல்லை.

கொன்சோக்

* * *

டொராண்டோ,
4 மார்ச் 2007

கொன்சோக்குக்கு,

பெயர் கேட்டு எழுதினாயே, அதைப் பற்றி நன்றாக யோசித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அக்காவிடம் கேட்கிற கேள்வியா அது? ஊரார் வீட்டு விவரங்களை நான் எதற்கு உனக்குச் சொல்ல வேண்டும்? அரசு வேலை நிரந்தரமானதும் உனக்குத் தலை கனத்துவிட்டது. மாட்டுக்கு ஊசி போடுகிறவன் மந்திரி மாதிரி கடிதம் எழுதுகிறான்.

நீ எப்போதுமே கோழை. அம்மா இறந்தபோது எனக்கு ஒரு வருடம் கழித்துச் சொன்னாய். கேட்டால், “நீ தாங்கமாட்டேன்னு நெனச்சேன்” என்றாய். தாங்கமாட்டேனா இல்லையா என்று முடிவு பண்ண நீ யார்? அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கப்போவதும் இல்லை.

உன் மகள் என்ன படிக்கிறாள், என்ன ஆகப்போகிறாள் என்பதெல்லாம் எனக்குத் தேவையில்லை. அவள் முகம்கூட எனக்குத் தெரியாது. அவளிடம் என் பெயரைச் சொல்லாதே. அத்தை என்று ஒருத்தி இல்லை என்றே வளரட்டும்.

ஜூலையில் மறுபடி விழா இருக்கிறது. ஆடத்தான் போகிறேன், முன் வரிசையில்தான். உன் மானம் போகிறது என்றால் கண்ணை மூடிக்கொள். இனி இங்கே எழுதாதே. எழுதினால் பிரிக்காமல் அடுப்பில் போடுவேன். எனக்குத் தம்பி இல்லை. இந்தக் கடிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் காட்டிக்கொள், எனக்குக் கவலையில்லை.

எழுத்து கோணல்மாணலாக இருக்கும். கோபத்தில் எழுதுகிறேன். கோபம்தான், வேறொன்றும் இல்லை.

யுட்ரோன்