வேண்டாம் என்ற பதினெட்டு மதிப்பெண்

பாரி நகரம், இத்தாலி, செப்டம்பர் 12

அன்புள்ள பாபாவுக்கு,

தேர்வில் தோற்றவள் ஊருக்கு வந்து கல்யாணம் செய்துகொள்ளட்டும் என்று எழுதியிருந்தீர்கள். நான் தோற்கவில்லை. ஜூன் மாத வாய்மொழித் தேர்வில் முப்பதுக்குப் பதினெட்டு வாங்கினாலே தேறிவிடலாம். பேராசிரியர் என் பதிலைப் பாதியில் நிறுத்தி, எல்லோர் முன்னாலும், "அல்பேனியாப் பொண்ணுக்குப் பதினெட்டு போதும்மா, வாங்கிட்டுப் போ" என்றார். பின்வரிசையில் சிரித்தார்கள்.

"எனக்கு வேண்டாம் சார். செப்டம்பர்ல மறுபடி வரேன்" என்றேன். அப்படி மறுக்க இங்கே மாணவர்களுக்கு உரிமை உண்டு.

நேற்று போனேன். முக்கால் மணி நேரம் துருவித் துருவிக் கேட்டார். இருபத்தொன்பது போட்டார்.

மாப்பிள்ளை வீட்டாருக்கு வாக்குக் கொடுத்தது நீங்கள். அவர்களிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். கிறிஸ்துமஸுக்குக் கப்பலேறி வருகிறேன், பத்து நாள் விருந்தாளியாக.

உங்கள் மகள்