கிளிமீன் கடித்த கல்

மண்டபம்,
12-1-1962

அன்புள்ள அத்தானுக்கு சண்முகவேல் வணக்கத்துடன் எழுதுவது. நலம். அக்காள் குருவம்மாளின் இருமல் தேவலையா?

இங்கே மீன் ஆராய்ச்சி நிலையத்தில் தண்ணீருக்குள் முங்கிப் பார்ப்பதுதான் என் வேலை. நிலையத்துக்கு நேர் எதிரே உள்ள கரையோரப் பவளப்பாறைத் திட்டு ஒன்றை என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். அது வெறும் கல் இல்லை அத்தான், உயிருள்ளது. நேற்று கிளிமீன்கள் கூட்டமாக வந்து அதைக் கடித்துத் தின்றன. கொறிக்கிற சத்தம் காதில் விழுந்தது. கடித்த இடமெல்லாம் எலும்பு மாதிரி வெள்ளை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திட்டு அழிந்தால் என் வேலையும் போய்விடும்.

தங்கள் அன்பு மறவாத
சண்முகவேல்


எம். புதுப்பட்டி,
22-1-1962

அன்பு மாப்பிள்ளைக்கு தங்கச்சாமி எழுதிக்கொண்டது. மாதக்கணக்கில் கடிதம் இல்லை, வந்ததும் மீன் சமாச்சாரம்தானா? உன் அக்காள் என்னைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி இம்புட்டுக் கலங்கிப்போய்க் கெடக்கான், நீங்க பாத்துக்கிட்டு இருக்கீக?" என்கிறாள். வெடிக் கம்பெனியில் போர்மேனாக இருந்துகொண்டு மச்சினனுக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

எட்டுக் கிரகம் கூடுகிறது, உலகம் அழியும் என்று இங்கே பயந்து கிடக்கிறார்கள். நான் தை அமாவாசைக்கு ராமேசுவரத்தில் முங்கிவிட்டு அங்கே வருகிறேன். தண்ணீரிலும் திரி அணையாத வெடி, நானே சுற்றியது, கொண்டுவருகிறேன். கவலையை விடு.

ஆசியுடன்
தங்கச்சாமி


மண்டபம்,
9-2-1962

அத்தானுக்கு,

வெடி வேண்டாம் என்று நான் போட்ட கார்டு வருமுன்பே புறப்பட்டுவிட்டீர்கள் போலிருக்கிறது. நேரில் தடுக்கலாம் என்று ஆபீசிலிருந்து திரும்பினால், கூடை மீனோடு வாசலில் நிற்கிறீர்கள். "மாப்ளே, ஒன் பகையாளிகளப் பூராம் அள்ளிட்டு வந்துட்டேன், கொழம்பு வைக்கச் சொல்லு" என்று சிரித்தீர்கள். கூடையை வாங்கி உள்ளே வைத்தேன்.

மீன் கடித்த புண்ணெல்லாம் ஆறிக்கொண்டு வந்தது, அத்தான். பவளத்தைக் கொறித்தாலும், அதை மூடும் பாசியையும் அந்த மீன்கள்தான் தின்கின்றன. மீன் நுழையாமல் நாங்கள் வலை கட்டிய மூலையில்தான் பாசி மூடிப் பவளம் செத்தது.

நீங்கள் ரயிலேறிய பிறகு முங்கிப் பார்த்தேன். திட்டே இல்லை. நொறுங்கிய கல்தான் கிடக்கிறது. இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. யார் செய்தது என்று அதிகாரி கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

என் நல்லதுக்குத்தான் செய்தீர்கள். தெரிகிறது. தெரிந்தும் மனம் ஆறவில்லை.

பங்குனியில் இருக்கன்குடியில் உங்கள் மகளுக்குக் காதுகுத்து என்று சொன்னீர்கள். தாய்மாமனாகப் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேறு ஆளைப் பாருங்கள். நான் வரமாட்டேன்.

சண்முகவேல்