கட்டையில் வளைத்த முதுகு

12 மார்ச் 1961, ஞாயிறு

கொழும்பில் படித்தபோது பார்த்த புதுச் சிலைகளில் பழைய இரும்பும் மரமும்தான் இருந்தன, கடவுள் இல்லை. நானும் அப்படித்தான் செய்தேன். பிடுங்கி எறிந்த தேயிலைக் கட்டைகளைக் கம்பியால் கட்டி, அம்மாவின் கிழிந்த கொழுந்துக் கூடையை மேலே ஏற்றி, குனிந்த பெண்ணொருத்தியை நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்கு முன்னால் நிறுத்தினேன். இந்த முதுகைப் பார்த்தாவது நம் சனத்துக்குக் கோபம் வரட்டும் என்று.

இன்று மத்தியானம் பார்த்தால் கட்டையெல்லாம் மஞ்சள், குங்குமம். காலடியில் கற்பூரம் எரிகிறது.

"இது சாமி இல்லைங்க, சிலை!" என்று கத்தினேன்.

"சாமி குத்தமாயிரும், வாய மூடு தம்பி" என்றார் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணி.

கும்பிட வந்தவர்களின் வரிசையில் அம்மாவும் நின்றாள். அவளைப் பார்த்துத்தான் அந்த முதுகையே வளைத்தேன். அவள் இன்னும் கொஞ்சம் குனிந்து கும்பிட்டாள்.

"தாயே, இந்த முதுகு வலிய நீதான் தீத்து வைக்கணும்."