பூச்சிப் புத்தகங்கள்: தனியே வைக்கவும்

அனுப்புநர்
உறுப்பினர் எண் 318,
சிறுவர் பகுதித் தன்னார்வலர்,
கிளை நூலகம்.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
பொது நூலகங்கள் தலைமை அலுவலகம்.

பொருள்: சிறுவர் பகுதியின் நாற்பத்தொரு இயற்கைப் படப் புத்தகங்கள் கழிவில் சேர்க்கப்பட்டமை – அவற்றில் உயிருள்ள எதுவும் இல்லை எனத் தெரிவித்தல் – திரும்பக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: எனது முந்தைய இரு மனுக்கள் (இரண்டிற்கும் "நடவடிக்கை முடிந்தது" எனப் பதில் பெற்றேன்).

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஆறு ஆண்டுகளாகச் சனிக்கிழமைகளில் கிளை நூலகத்தின் சிறுவர் பகுதியில் குழந்தைகளுக்குப் படப் புத்தகங்கள் வாசித்துக் காட்டி வருகிறேன். ஊதியமற்ற பணி. புத்தகங்களை அடுக்கி வைப்பதும், கிழிந்ததை ஒட்டுவதும், அடுக்குகளுக்குப் பெயர்ச்சீட்டு எழுதுவதும் அதில் அடங்கும். இம்மனுவில் கூறப்படும் தவறு அந்தப் பெயர்ச்சீட்டில் தொடங்கியது. அதை எழுதியது நான்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

2. எறும்பு, வண்டு, தும்பி, சிலந்தி முதலியவற்றைப் பற்றிய நாற்பத்தொரு புத்தகங்களைத்தான் குழந்தைகள் வந்ததும் தேடுவார்கள். எனவே அவர்கள் கைக்கு எட்டும்படி அவற்றைக் கீழ்த்தட்டுக்கு மாற்றி, "பூச்சிப் புத்தகங்கள்: தனியே வைக்கவும்" என்று எழுதி ஒட்டினேன். "பூச்சிகளைப் பற்றிய" என்றுதான் எழுத நினைத்தேன். சீட்டு இரண்டு விரல் அகலமே இருந்ததால் "பற்றிய" என்ற சொல்லுக்கு இடமில்லை. அந்த ஒரு சொல்லைப் பற்றி இந்த இரண்டு மாதங்களில் நான் யோசித்த அளவுக்கு என் வாழ்வில் வேறெந்தச் சொல்லைப் பற்றியும் யோசித்ததில்லை.

3. நூலகர் பேறுகால விடுப்பில் இருந்தபோது ஆண்டு இருப்புச் சரிபார்ப்பு நடந்தது. வந்த அலுவலர் அந்தச் சீட்டைப் படித்து, நாற்பத்தொன்றையும் "பூச்சி பிடித்தவை, ஊழியர்களால் ஏற்கெனவே தனிமைப்படுத்தப்பட்டவை" என்று பதிவு செய்துள்ளார். சான்றாக ஒரு புத்தகத்தில் "பக்கங்கள்தோறும் துளை" எனவும் குறித்துள்ளார். ஐயா, அந்தத் துளைகள் அச்சகத்தில் போடப்பட்டவை. மரப்பொந்தின் வழியே எட்டிப் பார்த்து அடுத்த பக்கத்தில் யார் குடியிருக்கிறார் என்று குழந்தை கண்டுபிடிக்க வேண்டும். எந்த உயிரினமும் அத்தனை வட்டமாக அரிப்பதில்லை.

4. புத்தகங்கள் கறுப்புப் பைகளில் கட்டி எடுத்துச் செல்லப்பட்டன. சிறுவர் அறையில் மருந்து தெளித்தார்கள். முகத்தை மூடிக்கொண்டு தெளித்தவரிடம் நான் விளக்கியபோது அவர், "அக்கா, நீங்க சொல்றது புரியுது. ஆனா பேப்பர்ல பூச்சின்னு இருக்கு. பேப்பர் சொன்னா அடிக்கணும், அவ்ளோதான்" என்றார். அவர் மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை. போகும்போது, "குழந்தைங்கள ரெண்டு நாள் உள்ள விடாதீங்க" என்று அக்கறையோடுதான் சொன்னார்.

5. இதைக் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் என் மகள். மூன்றாம் வகுப்பு. நூலகர் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் "ஏன்". பாடப் புத்தகத்தில் அவளுக்கு எழுத்துகள் நிற்பதில்லை. இரண்டு ஆசிரியர்கள் என்னை அழைத்துப் பேசிவிட்டார்கள். அவள் முதன்முதலாக யார் உதவியும் இன்றி வாசித்த முழு வாக்கியம், "புழுவுக்குப் பல் உண்டா?" என்பது. பதில் அடுத்த பக்கத்தில் இருந்ததால் அதையும் வாசித்தாள். அப்படித்தான், ஒரு கேள்விக்குப் பின் ஒன்றாக, அவளுக்கு எழுத்து வந்தது.

மருந்து தெளித்த அன்று வீடு திரும்பும் வழியில், "அம்மா, புக்குக்குள்ள இருந்த எறும்பெல்லாம் செத்துப்போச்சா?" என்று கேட்டாள். "அதெல்லாம் வெறும் படம்டா" என்றேன். "அப்புறம் எதுக்கு மருந்து அடிச்சாங்க?" என்றாள். அதற்கான பதில் தங்கள் அலுவலகத்திடம் இருக்கலாம் என்று எண்ணியே முதல் மனுவை எழுதினேன்.

6. அதன் பொருள் வரியில் "பூச்சிப் புத்தகங்கள்" என்று இருந்ததால், அது மருந்து தெளிக்கும் பிரிவுக்கு அனுப்பப்பட்டது. அவர்கள் மீண்டும் வந்து தெளித்தார்கள். இதை எதிர்த்து எழுதிய இரண்டாம் மனுவின் பேரில் மூன்றாம் முறையாக வந்து, நான் மனநிறைவு அடையவில்லை எனக் கருதி, ஜன்னலோர எலுமிச்சைச் செடிக்கும் தெளித்துச் சென்றார்கள். செடியில் பச்சைப் புழுக்கள் இருந்தன. குழந்தைகள் புத்தகத்தோடு ஒப்பிட்டுத் தினமும் பார்த்து வந்தவை. மறுநாள் என் மகள் தரையில் கிடந்தவற்றை எண்ணினாள். ஏழு.

7. அன்றிலிருந்து அவள் எந்தப் புத்தகத்தையும் கையால் தொடுவதில்லை. பள்ளிப் புத்தகத்தைக்கூட அளவுகோலால் திறக்கிறாள். கேள்வியும் கேட்பதில்லை.

8. சென்ற வாரம் தலைமை அலுவலகத்திற்கு நேரில் வந்தேன். முகப்பில் இருந்த எழுத்தர், "மேடம், உங்க புகார் ரெண்டு தடவை முடிஞ்சிருச்சு. முடிஞ்சத திரும்ப எப்படி முடிக்கிறது?" என்றார். புதிய மனுவாகத் தரலாமா என்றேன். பழைய கோப்பு எண்ணைக் குறிப்பிடாமல் வாங்க இயலாது என்றும், குறிப்பிட்டால் அதே பிரிவுக்குத்தான் போகும் என்றும் தெரிவித்தார். பொருள் வரியில் அந்தச் சொல்லைத் தவிர்க்கும்படி அவரே பரிவோடு சொல்லியும் கொடுத்தார். தவிர்த்திருக்கிறேன். கோப்பு எண்ணைத் தவிர்க்க முடியவில்லை; உறையின் மேல் உள்ளது.

9. இம்மாதம் 25ஆம் தேதி அப்புத்தகங்கள் காகிதக் கூழுக்கு அனுப்பப்படும் என அறிகிறேன். அதற்குள் அவற்றைத் திருப்பித் தர ஆணையிட வேண்டுகிறேன். புதிய பெயர்ச்சீட்டை அகலமான அட்டையில் எழுதி வைத்துள்ளேன்.

10. ஒருவேளை இம்மனு தங்கள் பார்வைக்கு வராமல் மீண்டும் அதே பிரிவுக்குச் சென்றால், இதைப் படிப்பவருக்கு என் வேண்டுகோள் வேறு. எலுமிச்சைச் செடியின் எட்டாவது புழு, மருந்துக்கு முன்பே ஜன்னல் கம்பிக்குப் பின்னால் ஏறிக் கூடு கட்டிக்கொண்டது. என் மகள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தள்ளி நின்று, தினமும் அதைப் பார்க்கிறாள். "எப்போ வெளிய வரும்?" என்று நேற்றுக் கேட்டாள். இரண்டு வாரங்களுக்குப் பின் அவள் கேட்ட முதல் கேள்வி. விடை இருக்கும் புத்தகம் தங்கள் அலுவலகக் கீழ்த்தளத்தில், பைக்குள் இருக்கிறது.

ஆகவே, அது வெளியே வரும் வரையிலாவது, இம்மனுவின் மீது எந்த நடவடிக்கையும் எடுக்காமல் இருக்குமாறு மிகுந்த பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: கிளை நூலகத்தின் வெளிப்படிக்கட்டு
நாள்: 9ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை

இப்படிக்கு,
(கையொப்பம்)
உறுப்பினர் எண் 318

இணைப்பு: துளையுள்ள பக்கத்தின் ஒளிநகல் ஒன்று. (துளை கறுப்பாக விழுந்துள்ளது, அதனுள் எட்டிப் பார்க்க இயலாது.)